ஆடாத ஆட்டமும் தோல்வியோ?

நம் கல்லூரி மலரில் விளையாட்டைக் குறித்து எழுதப் புகுவோர், நம் மைதானத்தில் நிகழ்ந்த வெற்றி தோல்விகளை எழுதி, காப்டனைப் பாராட்டி, அடுத்த ஆண்டிற்கு நல்வாழ்த்துக் கூறி முடிப்பது வழக்கம். அவ்வழக்கத்தில் நாம் குறை காணவில்லை. எனினும் இம்முறை அதனினின்றும் சற்றே விலகி, பிரான்ஸ் தேசத்தின் காற்பந்தாட்டக் களங்களுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விழைகின்றோம். அங்கு 2019-20 ஆம் ஆண்டுப் பருவத்தில் நடந்த முதல் வகுப்புப் பந்தயம், முடியாமலே முடிந்தது. முடிந்த முறையில் நியாயத்தைப் பற்றிய ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு அத்தேசத்தார் கண்ட விடை நம் மனத்திற்கு அன்றும் ஒவ்வவில்லை. ஆண்டுகள் சில கழிந்த பின்னரும் ஒவ்வவில்லை. ஆதலின் ஈண்டு எழுதலானோம்.

அப்பந்தயத்தின் அமைப்பை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள் கூறல் வேண்டும். 1932 இல் தொடங்கி, இன்று லீக் 1 என வழங்கும் அதில், நாம் கூறும் பருவத்தில் 20 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றும் ஏனைய 19 கழகங்களைத் தன் ஊரில் ஒருமுறையும் அவர் ஊரில் ஒருமுறையும் எதிர்க்கும். ஆக ஆட்டங்கள் 38. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமமாய் முடியின் ஒன்று, தோல்விக்கு யாதுமில்லை. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும்போது, முதலில் நிற்பது வாகை சூடும். அடுத்து நிற்பவை ஐரோப்பியப் பெரும்பந்தயங்களில் நுழையும். கடைசி இரண்டும் இரண்டாம் வகுப்பிற்கு இறங்கும். பதினெட்டாம் இடத்தில் உள்ளது, கீழிருந்து ஏறிவர முயலும் கழகம் ஒன்றோடு தனியே பொருது தன் இடத்தைக் காத்துக்கொள்ளல் வேண்டும். மேல் வகுப்பிலிருந்து இறங்குதல் வெறும் மானக்கேடு மாத்திரமன்று. ஒளிபரப்பு வருமானம் பெருமளவில் குறையும். நல்ல ஆட்டக்காரர் பிரிந்து செல்வர். அலுவலகத்திலும் மைதானத்திலும் ஊழியம் செய்வோர் பலர் வேலை இழப்பர். ஓர் ஊரின் பிழைப்பில் ஒரு பகுதியே அதனோடு இறங்கிவிடும் என்று கூறினும் மிகையாகாது.

இனி அப்பருவத்தின் கதைக்கு வருவோம். 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள் மொனாக்கோவில் முதல் ஆட்டம் நடந்தது. லியோன் கழகத்தார் அவ்வூராரை 3-0 எனத் தோற்கடித்தனர். அடுத்த ஆட்டத்தில் ஆன்ழே கழகத்தை 6-0 என்று நொறுக்கினர். இவ்வாண்டு லியோனுக்கே என்று சிலர் ஆரவாரித்தனர். முளைக்கும்போதே விளைச்சலை அளப்பது உலகியல்பு போலும்! அக்டோபர் மாதத்திற்குள் அக்கழகம் தளர்ந்தது; பயிற்சியாசிரியர் ஸில்வின்யோ விலக்கப்பட்டு, ரூடி கார்ஸியா அவ்விடத்திற்கு வந்தார். ரென் நகரத்தாரோ, பருவத்தின் இரண்டாம் வாரத்திலேயே, நடப்பு வாகையராகிய பாரி ஸாந்-ழெர்மான் கழகத்தை 2-1 என வென்றனர். அவ்வாட்டத்தில் நடுக்களத்தைத் தன் வயமாக்கிக்கொண்ட எதுவார்தோ கமவிங்கா என்னும் இளைஞனுக்கு அப்போது வயது 16. நம் விடுதியில் அவ்வயதினருக்கு இரவு பத்து மணிக்கு மேல் வெளியே நிற்கவும் அநுமதியில்லை என்பதை நினைவுகூர்கின்றோம்.

பாரி கழகத்தின் செல்வ வளம் உலகறிந்தது. கத்தார் தேசத்தார் 2011 இல் அதனைக் கைக்கொண்டது முதல், அதனோடு பிறர் பொருதுவது ஆற்றுவெள்ளத்தை எதிர்த்து நீந்துவதை ஒத்ததாயிற்று. ஆயினும் அவ்வெள்ளத்திலும் எதிர்நீச்சல் போட்டார் உளர். 2020 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் ஆமியான் நகரில் நடந்த ஆட்டமே நாம் கருதுவது. ஸோம் நதிக்கரையில் அமைந்த அவ்வூரின் மக்கள் தொகை ஒன்றரை லட்சத்திற்கும் குறைவு. பட்டியலின் அடியில் தத்தளித்துக்கொண்டிருந்த அவ்வூர்க் கழகம், முதற்பாதியிலேயே பாரி கழகத்திற்கு எதிராக 3-0 என முந்திற்று. பின்னர்ப் பாரி கழகம் விழித்தெழுந்து நான்கு கோல்கள் போட்டு 4-3 என முன்னேறிற்று. அத்துடன் தீர்ந்தது என்று யாவரும் எண்ணியிருக்க, ஆட்டநேரம் கடந்து கூட்டிய நிமிடங்களில் கிராஸி என்னும் ஆமியான் வீரர் பந்தை வலைக்குள் செலுத்தினார். முடிவு 4-4. இவ்வாட்டத்தை நேயர்கள் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

மார்ச்சு மாதம் கொரோனா நோய் பிரான்ஸை வளைத்தது. அல்ஸாஸ் நாட்டில் அது முதலில் கொடிதாய்ப் பரவியமையால், மார்ச்சு 7 ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பாரி கழகத்தோடு நடைபெறவிருந்த ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் லீல் கழகம் லியோனை 1-0 என வென்றது. அவ்வாரத்தோடு பந்து நின்றது; மார்ச்சு 13 இல் பந்தயம் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் பெரும்போர் முடிந்து பந்தயம் மீண்டும் தொடங்கிய 1945 முதல் அன்றுவரை எப்பருவமும் இடையில் அறுந்ததில்லை. ஏப்ரல் 28 இல் பிரதம மந்திரி எதுவார் பிலிப் தேசிய சபையில் எழுந்து, தொழில்முறைக் காற்பந்தாட்டத்தின் அப்பருவம் மீண்டும் தொடங்க இயலாது என்று அறிவித்தார். அன்றைக்குள் அந்நோயால் அத்தேசத்தில் 23,000 பேருக்கு மேல் இறந்திருந்தனர். ஏப்ரல் 30 இல் லீக் அதிகாரிகள் கூடிப் பருவம் முடிந்தது என்று தீர்மானித்தனர்.

நிறுத்தியது தவறென்று நாம் கூறவில்லை. பிணங்கள் அடுக்கப்படும் வேளையில் பந்தைப் பற்றிய கவலை யாருக்கும் முதற்கவலையாய் இருத்தல் தகாது. ஆயினும் அவசரம் சிறிது மிகுதி என்று எண்ணுகின்றோம். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் ஒவ்வொரு தேசத்திற்கும் தன் கருத்தை அறிவிக்க மே 25 வரை தவணை கொடுத்திருந்தது. ஜெர்மானியர் மே 16 இலேயே பார்ப்பவர் அற்ற மைதானங்களில் ஆட்டத்தைத் தொடங்கினர். ஜூன் மாதத்தில் ஸ்பெயின் தேசத்தாரும் ஆங்கிலேயரும் இத்தாலியரும் தொடங்கி முடித்தனர். எனினும் மந்திரியின் சொல் முன்னே நிற்க, லீக் அதிகாரிகள் வேறென் செய்வர்? இதனை இம்மட்டில் விடுகின்றோம். நிறுத்தியது ஒன்று, நிறுத்திய பின் கணக்குத் தீர்த்தது மற்றொன்று. நம் வழக்கு இரண்டாவதைப் பற்றியதே.

கணக்குத் தீர்த்த முறை இது: ஒவ்வொரு கழகமும் பெற்ற புள்ளிகளை அது ஆடிய ஆட்டங்களால் வகுத்து, வந்த ஈவின்படி வரிசைப்படுத்தினர். பெரும்பாலோர் 28 ஆட்டங்கள் ஆடியிருந்தனர்; பாரி, ஸ்ட்ராஸ்பூர் என்னும் இரு கழகங்கள் மட்டும் 27. ஆதலின் 39 புள்ளிகள் பெற்ற ஆன்ழே பதினோராம் இடத்திற்கும், 38 புள்ளிகளே பெற்ற ஸ்ட்ராஸ்பூர் பத்தாம் இடத்திற்கும் உரியவாயின. 38 ஐ 27 ஆல் வகுத்தால் 1.41; 39 ஐ 28 ஆல் வகுத்தால் 1.39. கணித ஆசிரியர்கள் மகிழ்வர்.

இம்முறையில் பிழையொன்றும் இல்லை என்பார் கூற்றை முதலில் ஆராய்வோம். அதே ஆண்டில் பிரான்ஸில் பாக்கலோரேயா என்னும் பள்ளியிறுதிப் பரீக்ஷையும் நடைபெறவில்லை. ஆண்டு முழுவதும் வகுப்பில் பெற்ற மதிப்பெண்களைக் கொண்டே மாணவர்க்குப் பட்டம் வழங்கினர். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தேறினர். பரீக்ஷைக்கு ஒத்த நீதி பந்தயத்திற்கு ஒவ்வாதோ என்று வினவலாம். ஒவ்வாது என்பதே நம் விடை. பரீக்ஷையில் ஒருவன் தேறுவதால் மற்றொருவன் தவறுவதில்லை. ஆசிரியர் தாராளமாய் இருப்பின் யாவரும் பிழைப்பர். பந்தயத்திலோ ஒருவன் ஏறும் படி மற்றொருவன் இறங்கும் படி. மேலும், ஒரு வகுப்பின் மாணவர் அனைவரும் ஒரே வினாத்தாளை எழுதுவர். 28 ஆட்டங்களோடு நிறுத்திய பட்டியலில் எல்லாரும் ஒரே வினாத்தாளை எழுதியவர் ஆகார். ஒருவன் வலியாரை இருமுறையும் எதிர்த்து முடித்திருப்பான். மற்றொருவனுக்கு மெலியார் பலர் எஞ்சியிருப்பர். 19 ஆட்டங்கள் முடிந்த நிலையில் ஒவ்வொருவனும் ஏனையோர் அனைவரையும் ஒருமுறை கண்டிருப்பான்; 38 முடிந்தால் இருமுறை. இடையே நிறுத்துவது தராசின் தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே விலை கூறுவதாகும்.

ஆயின் இக்குறை எல்லாரையும் ஒருபடியாகத் தாக்கவில்லை. வாகை சூடிய பாரி கழகத்திற்கு 27 ஆட்டங்களில் 68 புள்ளிகள். இரண்டாவதாகிய மார்செய்க்கு 28 இல் 56. அப்பெருந்தொலைவைக் கண்டபின் அம்மகுடத்தைக் குறித்து வாதாடுவது வீண். அது பாரி கழகத்திற்கு ஒன்பதாவது மகுடம். மிகுதியான கோல் போட்டவர் யார் என்பதிலும் இடர் இல்லை: எம்பாப்பே 18, பென் எதெர் 18. தண்டனை உதையால் அன்றி ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்டவை எம்பாப்பேக்கு மிகுதியாதலின் பரிசு அவருக்கே ஆயிற்று. இத்தகைய சிறு பூசல்கள் ஊர்த் திண்ணைகளில் பேசித் தீர்வன.

மூன்றாம் இடம் சற்றுக் கடினமானது. ரென் 50, லீல் 49. ஒரே புள்ளி வேற்றுமையால் ரென் நகரத்தார் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பிய வாகையர் பந்தயத்திற்குள் நுழைந்தனர். முந்திய பருவத்தில் இரண்டாம் இடம் பெற்றிருந்த லீல் கழகத்தார் வெளியே நின்றனர். நிஸ், ரேன்ஸ் ஆகிய இரண்டும் 41 புள்ளிகளோடு ஐந்தாம் ஆறாம் இடங்களைப் பெற்றன. 40 புள்ளிகளோடு லியோன் ஏழாவது ஆயிற்று. இதனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாது ஐரோப்பியப் பந்தயங்களில் ஆடிவந்த லியோன் அவ்வாயிலை இழந்தது. அக்கழகத்தின் தலைவர் ழான்-மிஷெல் ஒலாஸ் வழக்குமன்றம் வரை சென்று வாதாடினார். மெய் கூறின், அவரிடத்தில் நமக்கு இரக்கம் மிகுதியில்லை. மார்ச்சு 8 ஆம் நாள் லீல் நகரில் தோற்றிராவிடில் அவர் கழகம் மேலே நின்றிருக்கும். அன்றி, மறுபுறத்தில் ரேன்ஸ் நகரத்தாரின் மகிழ்ச்சியையும் நோக்கல் வேண்டும். 1956 இலும் 1959 இலும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற பழங்கழகம் அது. 1960 களின் தொடக்கத்திற்குப் பின் ஐரோப்பாவைக் கண்டதேயில்லை. ஒருவர் வீட்டில் அழுகையும் ஒருவர் வீட்டில் மணமுழவும் ஒரே நாளில் எழுவது உலகத்தியற்கை என்று ஆறுதல் கொள்ளலாம். இவை யாவும் பெறக்கூடியதைப் பெறாமையால் வந்த துன்பங்கள்.

உடையதைப் பறிகொடுத்தார் துன்பம் வேறு. நம் மனம் தங்குவது அங்கேதான்.

பட்டியலின் அடியைப் பாருங்கள். 17 ஆவது ஸாந்-எத்தியேன், 30 புள்ளிகள். 18 ஆவது நீம், 27. 19 ஆவது ஆமியான், 23. 20 ஆவது தூலூஸ், 13. ஆமியானுக்கும் அதற்கு மேலிருந்த நீமுக்கும் இடையே நான்கு புள்ளிகள். எஞ்சிய ஆட்டங்கள் பத்து. அவற்றால் பெறக்கூடிய புள்ளிகள் 30. பாரி கழகத்தோடு 4-4 என நின்ற கழகம், தன் இறுதியாட்டத்தில் இரண்டாம் இடத்து மார்செய் கழகத்தோடு அதன் ஊரிலேயே 2-2 எனச் சமம் செய்த கழகம், எஞ்சிய பத்து ஆட்டங்களில் நான்கு புள்ளி வேற்றுமையை ஈடுசெய்ய மாட்டாது என்று யார் துணிந்து கூறவல்லார்? கணக்கர் கூறினர், கூறி, இரண்டாம் வகுப்பிற்கு இறக்கினர்.

தூலூஸ் கழகத்தின் நிலை அத்துணைத் தெளிவன்று. 28 ஆட்டங்களில் மூன்றே வெற்றி, 21 தோல்வி. அதற்காக வாதாட முன்வருவோர் சிலரே. நாமும் முதலில் தயங்கினோம். ஆயின் அக்கழகத்தின் பழைய ஏட்டைப் புரட்டியபோது நம் தயக்கம் குறைந்தது. நான்கு ஆண்டுகட்கு முன், 2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இதே தூலூஸ் 28 ஆட்டங்கள் முடிந்த நிலையில் 19 ஆவதாய்க் கிடந்தது. பிழைக்கும் இடத்திற்குப் பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பாஸ்கால் துப்ரா என்னும் பயிற்சியாசிரியர் வந்தார். வாரந்தோறும் சிறிது சிறிதாய் ஏறி, கடைசி நாளில் ஆன்ழே நகரில் 2-1 எனப் பின்தங்கியும் 3-2 என வென்று 17 ஆம் இடத்தில் பிழைத்தது. வெற்றிக்குரிய கோல், போதிழே என்னும் இளைஞர் தொலைவிலிருந்து உதைத்த தனியுதையால் வந்தது. 2020 இல் வழங்கிய நீதியை 2016 இல் வழங்கியிருந்தால், அதே 28 ஆவது ஆட்டத்தோடு கணக்கை மூடியிருந்தால், அக்கோல் ஏது? அவ்வூரார் சிந்திய ஆனந்தக் கண்ணீர் ஏது?

ஆமியானின் ஏடோ இன்னும் வியப்பிற்குரியது. அக்கழகம் வரலாற்றில் முதன்முறையாக மேல் வகுப்பிற்கு ஏறியது 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில். இரண்டாம் வகுப்பின் கடைசி நாள். ரேன்ஸ் நகரில் ஆட்டம். 1-1 எனச் சமமாய் நின்றது. 90 நிமிடங்கள் கழிந்தன. பல கழகங்கள் ஓரிரு புள்ளி வேற்றுமையில் நெருங்கி நின்றமையால், சமமாய் முடியின் ஆமியானுக்கு ஏற்றமில்லை. 96 ஆவது நிமிடத்தில் பூர்கோ என்னும் வீரர் பந்தை வலையில் சேர்த்தார். ஒரே உதையால் அக்கழகம் இரண்டாம் இடத்திற்கு ஏறி, மேல் வகுப்பை எய்தியது. 38 ஆவது ஆட்டத்தின் 96 ஆவது நிமிடம் வரை காத்திருந்து ஏறியவரை, பத்து ஆட்டங்கள் எஞ்சியிருக்கவே இறக்கினர். ஊழ் இதனினும் கசப்பாய் எழுதுமோ என்று ஐயுறுகின்றோம்.

கழகங்கள் வழக்கிட்டன. அரசாங்கக் காரியங்களில் அத்தேசத்தின் உயர்நீதிமன்றமாய் விளங்கும் கோன்ஸேய் தெத்தா என்னும் அரசவை 2020 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் நாள் தீர்ப்பளித்தது. பருவத்தை முடித்தது செல்லும்; வகுத்துக் கண்ட வரிசையும் செல்லும்; ஆமியானையும் தூலூஸையும் இறக்கியது மட்டும் நிறுத்திவைக்கப்படுகின்றது என்பது அதன் சாரம். மேல் வகுப்பில் 20 கழகங்களே இருத்தல் வேண்டும் என்னும் உடன்படிக்கை ஜூன் 30 ஆம் நாளோடு முடிவதால், அதனையே காரணம் காட்டி இவ்விரண்டையும் இறக்க இயலாது. அடுத்த பருவத்தின் அமைப்பை மீண்டும் ஆராய்க என்று நீதிபதிகள் கூறினர். நம் கருத்தில் இது நுட்பமான தீர்ப்பு. முடிந்ததைக் கிளறாது, இனி வரப்போகும் தீங்கை மட்டும் தடுக்கும் வழியைக் காட்டிற்று. 22 கழகங்களோடு ஓர் ஆண்டு ஆடலாம் என்னும் கதவைத் திறந்துவைத்தது.

அக்கதவைச் சாத்தியவர் யார்? அதே ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் லீக்கின் பொதுச் சபை கூடி, 20 கழகங்களே போதும் என்று பெரும்பான்மையாய் வாக்களித்தது. அச்சபையில் வாக்குரிமை பெற்றவர் பெரும்பாலர் ஏனைய கழகங்களின் தலைவர்களே. இருபது இலை போட்ட பந்தியில் இருபத்திரண்டு பேர் அமர்ந்தால் அவரவர் இலையில் சோறு குறையும். உண்ண அமர்ந்தவர்களையே அழைத்து, வெளியே நிற்கும் இருவரை உள்ளே விடலாமா என்று கேட்டால் விடை என்னவாக இருக்கும் என்பதை அறிய நூலறிவு வேண்டுவதில்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாகிய குறை இது. அவர்கள் தீயவர்கள் என்பது நம் கருத்தன்று. ஒளிபரப்பாளர் பணம் கொடாது நிறுத்தியிருந்தனர். லீக் அரசாங்க ஈட்டின்மேல் இருபது கோடி யூரோவிற்கு மேல் கடன் வாங்கியிருந்தது. அச்சம் குடிகொண்ட வீட்டில் ஈகை தங்குவது அரிது. ஆயினும் அச்சத்தால் செய்ததை நியாயம் என்று பெயரிட்டு அழைப்பதையே நாம் மறுக்கின்றோம்.

எதிர்க்கட்சியார் கூறுவன இரண்டையும் மறைத்தல் முறையன்று. ஒன்று, ஆட்டங்களின் நெரிசல். ஐரோப்பிய தேசங்களின் பெரும்பந்தயம் 2020 இலிருந்து 2021 ஆம் ஆண்டுக் கோடைக்குத் தள்ளப்பட்டிருந்தது; 22 கழகங்கள் ஆடின் ஒவ்வொன்றிற்கும் 42 ஆட்டங்கள்; நாட்கள் போதா. இதில் உண்மை உண்டு. ஆனால் அதே பிரான்ஸில் தொழில்முறைக் கழகங்களுக்குள் நடந்துவந்த லீக் கோப்பைப் பந்தயம் அப்பருவத்தோடு கைவிடப்பட்டது. அந்நாட்களில் சில மீந்தன. மற்றொன்று, கீழிருந்து ஏறிய லோரியானும் லான்ஸும் தம் உழைப்பால் ஏறியவர். அவர் உரிமையைப் பறிக்கலாகாது. நாமும் பறிக்கக் கூறவில்லை. 22 என்றால் அவரும் இருப்பர், இவரும் இருப்பர். மேலும் அவ்வேற்றத்திலும் ஒரு கண்ணீர்த்துளி உண்டு. இரண்டாம் வகுப்பில் லோரியான் 54, லான்ஸ் 53, மூன்றாவதாகிய அஜாக்ஸியோ 52. நெப்போலியன் பிறந்த அத்தீவூர், ஒரே புள்ளியால் ஏற்றத்தை இழந்தது. நீமோடு பொருது பார்க்கும் வாய்ப்பாவது கிடைத்ததா? அத்தனியாட்டங்களும் கைவிடப்பட்டன. பத்து ஆட்டங்களும் வேண்டா, இரண்டே ஆட்டங்கள் ஆடியிருப்பின் ஒரு வழக்கு களத்திலேயே தீர்ந்திருக்கும்.

ஆடுவதற்கு இயலாதிருந்தது என்பாரேல், அவ்வாண்டுக் கோடையை நினைப்பூட்டுகின்றோம். ஜூலை 24 இல் பாரி நகரையடுத்த பெருமைதானத்தில், எண்ணி விட்ட சில ஆயிரவர் முன்னிலையில், பாரி கழகமும் ஸாந்-எத்தியேனும் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டத்தை ஆடின. பாரி 1-0 என வென்றது. ஒரு வாரத்தில் அதே களத்தில் லீக் கோப்பைக்காக லியோனோடு ஆடிற்று. ஆகஸ்டில் இவ்விரு கழகங்களும் லிஸ்பன் நகரில் ஐரோப்பிய வாகையர் பந்தயத்தின் அரையிறுதியில் நின்றன. ஏழாம் இடத்தோடு பிரான்ஸில் கணக்குத் தீர்க்கப்பட்ட லியோன், யுவெண்டஸ் கழகத்தை வெளியேற்றி, மான்செஸ்டர் ஸிட்டி கழகத்தை 3-1 என வென்று அவ்விடத்தை அடைந்தது. பெரிய கழகங்களின் கோப்பைகட்கு நாள் கிடைத்தது. ஆமியானுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஹாலந்து தேசத்தாரின் செயலையும் இதனோடு ஒப்பிடலாம். ஏப்ரல் 24 ஆம் நாள் அவர்களும் பந்தயத்தை நிறுத்தினர். ஆயின், முடியாத பந்தயத்தில் வாகையரும் இல்லை, இறங்குவோரும் இல்லை என்று அறிவித்தனர். ஏறவிருந்தவர் அங்கு மனம் நொந்தனர். அதுவும் குறையுடைய நீதியே. எனினும் எதனையும் முடிக்காதபோது எவரையும் தண்டிக்காமல் விட்ட அம்மனப்பான்மை நமக்கு உவப்பாயிருக்கின்றது. மகுடம் கொடுப்பதற்குப் பாதிக் கணக்குப் போதும். ஒருவரை வீட்டினின்றும் வெளியேற்றுவதற்கு முழுக் கணக்கு வேண்டும் என்பதே நாம் இவ்விடயத்தில் கொண்ட நிலை. மாற்றுக் கருத்துடைய மாணவ நண்பர்கள் அடுத்த மலரில் எழுதின் மகிழ்ந்து படிப்போம்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 49 புள்ளிகளோடு வெளியே நின்ற லீல், அடுத்த பருவத்தில் 83 புள்ளிகள் பெற்று, 82 பெற்ற பாரியை முந்தி வாகை சூடிற்று. தூலூஸ் 2022 இல் இரண்டாம் வகுப்பில் முதலாவதாய் நின்று ஏறியது. 2023 இல் நான்த் கழகத்தை 5-1 என வென்று பிரெஞ்சுக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆமியானோ, தொடர்ந்துவந்த ஐந்து பருவங்களையும் இரண்டாம் வகுப்பிலேயே கழித்தது. கிராஸி அந்தக் கோடையிலேயே ரென் கழகத்திற்குச் சென்றுவிட்டார்.

மார்ச்சு 7 ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூரில் ஆடப்படாமற் போன ஆட்டம் பின்னரும் ஆடப்படவில்லை. அப்பருவத்தின் பட்டியலை இன்று எடுத்துப் பார்ப்பவர்க்கு, 28 என்னும் எண் வரிசையாய் நிற்க, முதலாவது வரியிலும் பத்தாவது வரியிலும் மட்டும் 27 என்று காணப்படும்.